இல்லாத காலில் வலி: நாம் கேட்க வேண்டிய கேள்வி

கால் அகற்றப்பட்ட ஒருவர், அகற்றப்பட்ட அந்தக் காலின் விரல்கள் எரிகின்றன என்று கூறினால், அவர் கூறுவது உண்மை. அவர் மனம் பேதலித்துப் பேசவில்லை. பிறர் பரிவைப் பெறுவதற்காகப் பொய் சொல்லவும் இல்லை. உறுப்பை இழந்தவர்களிடம் பல நாடுகளில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால், நூற்றுக்கு ஏறத்தாழ 50 முதல் 80 பேர் வரை இவ்வலியை ஏதோ ஒரு காலத்தில் உணர்கிறார்கள் எனத் தெரிகிறது. எனவே இது அரிதாக நேரும் விந்தையன்று. அறுவைக்குப் பின் பெரும்பாலோருக்கு வரக்கூடிய ஒன்று.

ஆயினும் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களிலிருந்து சிகிச்சைக்கு வருவோரில், இவ்வலியைத் தாமாகவே எடுத்துரைப்பவர்கள் சிலரே. புண்ணில் வலித்தால் சொல்கிறார்கள். காய்ச்சல் கண்டால் சொல்கிறார்கள். இல்லாத காலில் வலிப்பதை எப்படிச் சொல்வது, சொன்னால் யார் நம்புவார் என்று தயங்கி, இரவெல்லாம் கட்டில் விளிம்பைப் பற்றியபடி விழித்துக் கிடக்கிறார்கள். காலையில் கேட்டால், ‘உறக்கம் வரவில்லை’ என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சிலர் வீடு திரும்பிப் பல வாரங்கள் கழிந்த பின்னரே மனைவியிடமோ மகனிடமோ மெல்ல வாய் திறக்கிறார்கள்.

நோயாளி சொல்லட்டும் என்று காத்திராமல், செவிலியரும் குடும்பத்தினரும் தாமே கேட்டறிய வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாங்கள் முன்வைக்கும் கருத்து. கட்டு மாற்றுவதும் மருந்து கொடுப்பதும் எவ்வாறு சிகிச்சையோ, அவ்வாறே இந்தக் கேள்வியும் சிகிச்சை. ஏன் அவ்வாறு கருதுகிறோம் என்பதையும், கேட்டபின் என்ன செய்யலாம் என்பதையும் கீழே விளக்குகிறோம்.

நம் கரையில் கால்கள் ஏன் இழக்கப்படுகின்றன

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவில், தமிழகமும் ஆந்திரமும் பகிர்ந்துகொள்ளும் பழவேற்காடு ஏரி, இந்தியாவின் உவர்நீர் ஏரிகளுள் இரண்டாவது பெரியது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில் மீன்பிடிக்கும் இடத்தையும் முறையையும் ‘பாடு’ என்னும் வழக்கம் இன்றும் வரையறுக்கிறது. இங்கு உழைப்பு என்பது பெரும்பாலும் வெறுங்காலுடன் நீரிலும் சேற்றிலும் நிற்பதே. வலை கட்டுபவரும், படகைத் தள்ளுபவரும், இடுப்பளவு நீரில் அமர்ந்து கையால் தடவி இறால் பொறுக்கும் இருளர் குடும்பத்தினரும் மணிக்கணக்கில் நீரோடு பழகுகிறார்கள். கெளுத்தியின் முள், திருக்கையின் வால்முள், உடைந்த சிப்பி, நண்டின் கொடுக்கு ஆகியவற்றால் காயம்படாத கால் இப்பகுதியில் அரிது.

நல்ல இரத்த ஓட்டமும் உணர்ச்சியும் உள்ள காலில் இக்காயங்கள் சில நாள்களில் ஆறிவிடும். நீரிழிவு பல்லாண்டுகளாக நரம்பைத் தளரச் செய்த காலில் அவ்வாறு ஆவதில்லை. முள் தைத்ததே தெரியாமல் மறுநாளும் நீரில் இறங்குகிறார்கள். வெதுவெதுப்பான உவர்நீரில் வாழும் விப்ரியோ வகை நுண்ணுயிரிகள், நீரிழிவோ கல்லீரல் நோயோ உள்ளவர்களின் சிறு காயத்தின் வழியே நுழைந்து, ஓரிரு நாள்களுக்குள் தசையை அழுகச் செய்யும் ஆற்றல் உடையவை. அந்நிலையில் உயிரைக் காக்க, காலின் ஒரு பகுதியை அகற்றுவதைத் தவிர வேறு வழி இல்லாமற் போகலாம். சாலை விபத்தும் எந்திரப் படகின் விசிறியும் கால்களைப் பறிப்பதுண்டு. எனினும் விபத்தின்றி நேரும் கால் இழப்புக்கு உலகெங்கும் முதன்மையான காரணம் நீரிழிவே.

நம் கரையில் கால் இழப்பவர் பெரும்பாலும் குடும்பத்திற்குச் சம்பாதித்துத் தருபவர் என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். மீண்டும் படகேற முடியுமா, தம் பாட்டு முறை என்னவாகும், வலைக்கு வாங்கிய கடனை எப்படி அடைப்பது என்னும் கவலைகளோடு அவர் வீடு திரும்புகிறார். இக்கவலைகளின்மேல் எவருக்கும் சொல்லாத ஒரு வலியும் ஏறிக்கொண்டால், அவர் உறக்கத்தை இழக்கிறார், பசியை இழக்கிறார், செயற்கைக் கால் பொருத்தும் பயிற்சியைக் கைவிடுகிறார். மது அருந்தி உறங்க முயல்வோரும் உண்டு. உயிரே வேண்டாம் என்று எண்ணும் அளவுக்குச் செல்வோரும் உண்டு. ஆகவே இதை ஒரு சிறு தொல்லையாகக் கருதி ஒதுக்கிவிட முடியாது.

வலி எங்கிருந்து வருகிறது

பிரெஞ்சு நாட்டுப் படை மருத்துவரான அம்ப்ரோசு பாரே, 16-ஆம் நூற்றாண்டிலேயே, கால் துண்டிக்கப்பட்ட வீரர்கள் நெடுநாள் கழித்தும் இல்லாத காலில் வலிப்பதாகக் கூறுவதை எழுதிவைத்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரில் காயமுற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த சைலஸ் வியர் மிட்செல் என்னும் நரம்பியல் மருத்துவர், 1871-இல் இதற்கு ஒரு பெயர் சூட்டினார். அப்பெயரே தமிழில் ‘மாய உறுப்பு வலி’ என்று வழங்குகிறது.

இதன் காரணத்தை எளிமையாக இவ்வாறு கூறலாம். நம் உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் மூளையில் ஓர் இடம் உண்டு. கனடாவைச் சேர்ந்த அறுவை மருத்துவர் வைல்டர் பென்ஃபீல்ட் 20-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், விழித்திருந்த நோயாளிகளின் மூளைப் பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தூண்டி, எவ்விடம் எவ்வுறுப்புக்கு உரியது என்று ஒரு வரைபடமே தயாரித்தார். கால் அகற்றப்பட்டாலும், மூளையில் அக்காலுக்கு உரிய இடம் அகற்றப்படுவதில்லை. அது செய்திக்காகக் காத்திருக்கிறது. வெட்டுண்ட நரம்பு முனைகளிலிருந்து ஒழுங்கற்ற செய்திகள் வருகின்றன. தண்டுவடம் அவற்றைப் பெருக்கி அனுப்புகிறது. அக்கம்பக்கத்து உறுப்புகளுக்குரிய மூளைப் பகுதிகளும் அவ்விடத்தில் தலையிடுகின்றன. இவையனைத்தும் சேர்ந்து வலியாக உணரப்படுகின்றன. இவற்றுள் எதற்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. வலி உண்மையானது என்பதில் வேறுபாடு இல்லை.

இத்துறையில் உலகறிந்த பெயர்களுள் ஒன்று நமக்கு அண்மையானது. தமிழகத்தில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்று, பின்னர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய விளையனூர் எஸ். இராமச்சந்திரன், 1990-களில் இவ்வலியை ஆராய்ந்தார். கையை இழந்த ஓர் இளைஞரின் கன்னத்தைப் பஞ்சு முனையால் அவர் தொட்டபோது, கன்னத்தில் மட்டுமன்றி இல்லாத கையின் விரல்களிலும் தொடுகையை அவ்விளைஞர் உணர்ந்தார். மூளையில் முகத்திற்கும் கைக்கும் உரிய இடங்கள் அடுத்தடுத்து அமைந்திருப்பதே இதற்குக் காரணம் என்று அவர் விளக்கினார். பின்னர், விலை மலிந்த ஒரு கண்ணாடியைக் கொண்டு இல்லாத கையின் இறுக்கத்தைத் தளர்த்தும் முறையையும் கண்டறிந்தார். நம் மாவட்டத்து மக்கள் அவசரச் சிகிச்சைக்கு நாடிச் செல்லும் ஸ்டான்லியில் பயின்றவர் தந்த முறை இன்று உலகெங்கும் புனர்வாழ்வு நிலையங்களில் கையாளப்படுகிறது. அது நம் குப்பத்து வீடுகளுக்கும் வந்து சேர வேண்டும் என்று விரும்புகிறோம்.

‘மாயம்’ என்னும் சொல்லைப் பற்றி

‘மாய உறுப்பு வலி’ என்பது மருத்துவ நூல்களில் நிலைபெற்ற சொல். அதை நூல்களிலிருந்து நீக்க வேண்டும் என்று நாங்கள் கூறவில்லை. ஆனால் படுக்கையருகே, நோயாளியிடமும் அவர் வீட்டாரிடமும் பேசும்போது அச்சொல்லைத் தவிர்ப்பது நல்லது. தமிழில் மாயம் என்றால் பொய்த்தோற்றம் என்று பொருள்படும். ‘உங்களுக்கு இருப்பது மாய வலி’ என்று கேட்பவர், தம் வலி பொய் என்று மருத்துவமனையே கூறிவிட்டதாக எடுத்துக்கொள்வார். வீட்டாரில் சிலர், இறந்துபோன யாரோ பற்றியிருப்பதாக எண்ணி மந்திரிக்க அழைத்துச் செல்வதும் உண்டு.

‘எடுத்த காலில் வலி’ என்பதே எளிய சொல். நோயாளிகளே இவ்வாறுதான் கூறுகிறார்கள். இதில் ஐயமோ அச்சமோ ஒட்டிக்கொள்வதில்லை. இச்சொல்லையே வீட்டிலும் பயன்படுத்துங்கள்.

அகற்றப்பட்ட காலைப் புதைத்த விதம் சரியில்லை, அங்கே எறும்பு அரிப்பதனால்தான் இங்கே வலிக்கிறது என்னும் எண்ணமும் சில வீடுகளில் காணப்படுகிறது. அந்நம்பிக்கையை நாங்கள் ஏளனம் செய்வதில்லை. உடலின் ஒரு பகுதியை மண்ணுக்குக் கொடுத்தவர்கள் அதைப் பற்றிக் கவலை கொள்வது இயல்பு. வேண்டுமானால் உங்கள் வழக்கப்படி அதற்குரிய மரியாதையைச் செய்யுங்கள். அத்துடன் சிகிச்சையையும் நிறுத்தாதீர்கள். வலி புதைத்த இடத்திலிருந்து வருவதன்று. நரம்பிலும் மூளையிலும் எழுவது. அதற்கு இங்கே மருந்தும் பயிற்சியும் உண்டு.

கேட்பது எப்படி

மூன்று வகை உணர்வுகளைப் பிரித்தறிய வேண்டும். முதலாவது, எஞ்சிய காலில், தையலிட்ட இடத்தில் அல்லது அதற்குச் சற்று மேலே உண்டாகும் வலி. சீழ், வீக்கம், எலும்பு முனை உறுத்தல், நரம்பு முனையில் தோன்றும் சிறு முடிச்சு, பொருந்தாத செயற்கைக் கால் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். இரண்டாவது, இல்லாத கால் இருப்பது போன்ற உணர்வு. அரிப்பு, குளிர்ச்சி, விரல் அசைவு போன்றவை. இது வலியன்று; அச்சப்பட வேண்டியதும் இல்லை. நாளடைவில் அந்தக் கால் குறுகிக்கொண்டே வந்து, பாதம் முழங்காலோடு ஒட்டியிருப்பது போலச் சிலர் உணர்வார்கள். மூன்றாவது, இல்லாத காலில் உண்டாகும் வலி. எரிச்சல், மின்சாரம் பாய்ந்தது போன்ற அதிர்ச்சி, கத்தியால் குத்துவது போன்ற வேதனை, விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டு விரிக்க முடியாத பிடிப்பு.

ஆகவே ‘வலி இருக்கிறதா?’ என்ற ஒரே கேள்வி போதாது. ‘புண்ணில் வலிக்கிறதா? எடுத்த கால் இன்னும் இருப்பது போலத் தோன்றுகிறதா? அந்தக் காலில் வலிக்கிறதா?’ என்று தனித்தனியே கேட்க வேண்டும். வலியின் அளவை 0 முதல் 10 வரை எண்ணால் கூறச் செய்யலாம். எப்போது வருகிறது, எவ்வளவு நேரம் நீடிக்கிறது, எதனால் கூடுகிறது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். குளிர், மன உளைச்சல், உறக்கமின்மை, சிறுநீர் அடக்குதல், கட்டு தளர்தல் ஆகியவை பலருக்கு வலியைக் கூட்டுகின்றன. ஒரு பழைய நோட்டில் குடும்பத்தினர் தினமும் இரண்டு வரி எழுதிவைத்தால், அடுத்த முறை மருத்துவரைக் காணும்போது அது பெரிதும் உதவும்.

பெரும்பாலும் இவ்வலி அறுவைக்குப் பின் சில நாள்களிலோ வாரங்களிலோ தொடங்கும். மாதங்கள் கழித்தும் தொடங்கலாம். அறுவைக்கு முன்பே காலில் கடும் வலியை நெடுநாள் பொறுத்திருந்தவர்களுக்கு இது வரும் வாய்ப்பு அதிகம். எனவே அறுவைக்கு முன்பே வலியை நன்கு அடக்குவதும், இப்படியொரு வலி பின்னர் வரக்கூடும் என்று முன்கூட்டியே சொல்லிவைப்பதும் நல்ல செவிலியப் பணியின் பகுதிகள். முன்பே அறிந்தவர், அது வரும்போது தமக்குப் பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று அஞ்சமாட்டார்.

கண்ணாடிப் பயிற்சி

இராமச்சந்திரன் கையாண்ட முறையைப் பின்பற்றி, கால் இழந்த படைவீரர்களிடம் வாஷிங்டனிலுள்ள வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் ஓர் ஆய்வு நடந்து, 2007-இல் வெளியாயிற்று. 22 பேர் சேர்க்கப்பட்டு, 18 பேர் முடித்தனர். அவர்களை மூன்று குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குக் கண்ணாடியும், ஒரு குழுவுக்கு மூடப்பட்ட கண்ணாடியும், ஒரு குழுவுக்கு மனத்தால் எண்ணிப் பார்க்கும் பயிற்சியும் தரப்பட்டன. நாளொன்றுக்கு 15 நிமிடம் வீதம் 4 வாரம் செய்தபின், கண்ணாடிக் குழுவில் இருந்த அனைவருக்கும் வலி குறைந்திருந்தது. இது சிறிய ஆய்வு என்பதையும், பின்னர் நடந்த ஆய்வுகளில் பலருக்குப் பயனும் சிலருக்குப் பயனின்மையும் காணப்பட்டன என்பதையும் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் செலவு குறைவு, தீங்கும் குறைவு, வீட்டிலேயே செய்யலாம். இம்மூன்றும் சேர்ந்திருக்கும்போது முயன்று பார்ப்பதே அறிவுடைமை.

செய்முறை வருமாறு. புண் ஆறத் தொடங்கி, இயன்முறை மருத்துவரோ செவிலியரோ இசைவு தந்தபின், நோயாளியைச் சுவரில் சாய்ந்து கால் நீட்டி அமரச் செய்யுங்கள். முழங்கால் முதல் பாதம் வரை தெரியும் நீளமுள்ள ஒரு கண்ணாடியை இரு கால்களுக்கும் நடுவே, நல்ல காலை நோக்கி நிறுத்துங்கள். எஞ்சிய கால் கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்க வேண்டும். ஓரங்கள் உடைந்திராத கண்ணாடியாக இருத்தல் அவசியம். ஓரத்தில் துணிநாடா ஒட்டிவிடுவது பாதுகாப்பு. நோயாளி கண்ணாடியில் பார்க்கும்போது, இழந்த கால் இருந்த இடத்தில் ஒரு முழுக்கால் தோன்றும். கொலுசு, மெட்டி, கயிறு போன்றவற்றை நல்ல காலிலிருந்து கழற்றிவிட்டால் தோற்றம் இயல்பாக அமையும்.

அதன்பின் நல்ல பாதத்தை மெல்ல மேலும் கீழும் அசைத்தல், விரல்களை மடக்கி விரித்தல், கணுக்காலைச் சுழற்றுதல் ஆகியவற்றைச் செய்ய வேண்டும். அதே நேரத்தில் இல்லாத காலும் அவ்வாறே அசைவதாக எண்ண வேண்டும். இறுகிய விரல்கள் விரிவதைக் கண் காணும்போது, மூளையும் மெல்ல அதை ஏற்றுக்கொள்கிறது. நாள்தோறும் 15 நிமிடம் போதும். தொலைக்காட்சியோ உரையாடலோ இல்லாத அமைதியான நேரமே ஏற்றது. முதல் சில நாள்களில் சிலருக்குத் தலைசுற்றலோ, இழந்த காலை மீண்டும் காண்பதால் அழுகையோ வரலாம். அப்போது நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். தொடர்ந்து வலி கூடினால் எங்களிடம் தெரிவியுங்கள்.

இரு கால்களையும் இழந்தவர்களுக்கு இம்முறை இவ்வடிவில் பொருந்தாது. அவர்களுக்கு வேறு பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத்தருவார்.

தொடுதல், கட்டு, மருந்து

எஞ்சிய காலைத் தொடவே அஞ்சுவோர் பலர். தையல் ஆறிய பின், முதலில் பஞ்சாலும், பின் மெல்லிய துணியாலும், பின் துவாலையாலும் நாளுக்குச் சில முறை மெதுவாக வருடிக் கொடுப்பது நரம்பின் மிகையுணர்ச்சியைத் தணிக்கும். செவிலியர் காட்டித்தரும் முறையில் எட்டு வடிவக் கட்டு இடுவது வீக்கத்தைக் குறைத்து, செயற்கைக் காலுக்கு ஏற்றவாறு காலை வடிவமைக்கும். முழங்காலுக்குக் கீழே தலையணை வைத்துப் படுக்கும் வழக்கம் இதமாகத் தோன்றினாலும், மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும். பொருத்தமான செயற்கைக் காலை அணிந்து நடமாடுவதே சிலருக்கு வலியைக் குறைக்கிறது. சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் போன்ற இடங்களில் செயற்கைக் கால் வசதி உண்டு. இதற்கான பரிந்துரையை வீடு திரும்பும் முன்பே எங்களிடம் கேட்டுப் பெறுங்கள்.

மருந்துகளைப் பொறுத்தவரை, புண்வலிக்குத் தரும் சாதாரண வலிமாத்திரைகள் இவ்வலிக்குப் பெரும்பாலும் போதுமானவையல்ல. கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்கும் டைக்ளோபினாக் போன்ற மாத்திரைகள், நீரிழிவால் ஏற்கெனவே தளர்ந்த சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். நரம்பு வலிக்கென மருத்துவர் தரும் காபாபென்டின், அமிட்ரிப்டிலின் போன்ற மருந்துகள் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டப்படுபவை. பலன் தெரிய நாள்கள் ஆகும். ஓரிரு நாளில் குறையவில்லை என்று நிறுத்துவதும், குறைந்துவிட்டது என்று திடீரென விடுவதும் தவறு. இவை தூக்கக் கலக்கம் தரக்கூடியவை. ஆகவே விடியலுக்கு முன் படகேறும் பழக்கம் உள்ளவர்கள், மருந்து உடலுக்குப் பழகும் வரை நீரில் இறங்காதிருத்தல் வேண்டும். மதுவோடு சேர்ந்தால் மூச்சையே தளர்த்தும் ஆபத்து உண்டு.

எழக்கூடிய மறுப்புகள்

‘கேட்டுக் கேட்டு நாமே வலியை நினைவூட்டுகிறோம் அல்லவா?’ என்று சிலர் வினவுவார்கள். பாரே எழுதியபோது இவ்வலிக்குப் பெயரே இல்லை. எவரும் எவருக்கும் அதை நினைவூட்டவும் இல்லை. அப்போதும் வீரர்கள் அதை உணர்ந்தார்கள். கேள்வியால் வலி பிறப்பதில்லை. மறைந்திருந்த வலி வெளிப்படுகிறது, அவ்வளவே.

‘செவிலியருக்கு நேரம் எங்கே?’ என்பது அடுத்த வினா. பணிச்சுமை உண்மையே. ஒரு செவிலியர் பல படுக்கைகளைக் கவனிக்கும் நிலையில், கூடுதலாக எதைச் சொன்னாலும் சுமைதான். ஆனால் மூன்று கேள்விகளுக்குக் கட்டு மாற்றும் நேரமே போதும். தனி நேரம் வேண்டியதில்லை. கேட்காமல் விட்டால், அதே நோயாளி உறக்கமின்மைக்காகவும், கட்டுக்கடங்காத சர்க்கரைக்காகவும், கீழே விழுந்த காயத்திற்காகவும் மீண்டும் மீண்டும் வருவார். அதற்கு ஆகும் நேரம் மிகுதி.

‘மீனவர் வலி பொறுப்பவர், இதையெல்லாம் பெரிதுபடுத்துவதில்லை’ என்று குப்பத்துப் பெரியவர்களே கூறுவதுண்டு. கடலையும் ஏரியையும் எதிர்கொள்ளும் துணிவை நாங்கள் மதிக்கிறோம். ஆனால் புயலறிவிப்பு வந்தால் படகைக் கரையேற்றி நிறுத்துவதைக் கோழைத்தனம் என்று எவரும் கூறுவதில்லை. வலியைச் சொல்வதும் அத்தகைய முன்னெச்சரிக்கையே.

நாங்கள் வேண்டுவன

அறுவைப் பிரிவு ஒவ்வொன்றிலும் உறுப்பு இழந்தவரின் குறிப்பேட்டில் இம்மூன்று கேள்விகளுக்கும் தனி வரி இருக்க வேண்டும். வார்டில் ஒரு நீளக் கண்ணாடி இருக்க வேண்டும். வீடு திரும்பும் முன் குடும்பத்தில் ஒருவருக்கேனும் கட்டு இடுதல், வருடிக் கொடுத்தல், கண்ணாடிப் பயிற்சி ஆகிய மூன்றும் கற்பிக்கப்பட வேண்டும். கற்பவர் மனைவியாக மட்டும் இருக்க வேண்டியதில்லை. மீன் விற்கச் செல்லும் பெண்ணின் தோளில் இதையும் ஏற்றாமல், மகனும் தம்பியும் கற்றுக்கொள்ளலாம்.

2021 ஆகஸ்ட் முதல் நடைமுறையில் உள்ள ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கீழ், இயன்முறைச் சிகிச்சையும் வலிநிவாரண ஆதரவுச் சிகிச்சையும் வீடு தேடி வருகின்றன. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளோடு வரும் பணியாளர் உங்கள் வீட்டு வாயிலில் நிற்கும்போது, ‘எடுத்த காலில் வலி இருக்கிறது’ என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவர்களும் கேட்க வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை. ஏரிக்கரையிலிருந்து பொன்னேரிக்கும் சென்னைக்கும் ஒற்றைக் காலுடன் பேருந்து ஏறி வருவது எவ்வளவு கடினம் என்பதை நாங்கள் அறிவோம். வீட்டிலேயே தீரக்கூடியது வீட்டிலேயே தீரட்டும்.

குடும்பத்தினருக்கு ஒரு வார்த்தை. இரவில் அவர் விழித்திருப்பதைக் கண்டால், ‘இல்லாத காலில் என்ன வலி’ என்று கேட்காதீர்கள். ‘எந்த இடத்தில் வலிக்கிறது?’ என்று கேளுங்கள். எஞ்சிய காலில் சிவப்பு, சூடு, துர்நாற்றம், சீழ், காய்ச்சல் இவற்றுள் எது கண்டாலும் அன்றே அழைத்து வாருங்கள். வாழ விருப்பமில்லை என்று அவர் ஒருமுறை கூறினாலும் அதைப் பேச்சுக்குச் சொன்னதாக விட்டுவிடாதீர்கள்; எங்களிடம் கூறுங்கள், அல்லது 104, 14416 ஆகிய எண்களில் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசுங்கள். பல மாதங்கள் துணையிருக்கும் உங்களுக்கும் ஓய்வு வேண்டும். இரவுக் காவலை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

நோயாளிக்கு ஒரு வார்த்தை. எஞ்சியுள்ள நல்ல காலைத் தினமும் மாலையில் பாருங்கள். அடிப்பாதத்தையும் விரலிடுக்கையும் வேறொருவரைக் கொண்டு பார்க்கச் செய்யுங்கள். நீரில் இறங்கும்போது காலணி அணியுங்கள். முள் தைத்தால் நல்ல நீரில் சோப்பிட்டுக் கழுவி, அன்றே காட்டுங்கள். ஒரு காலை இழந்தவருக்கு மறு காலும் ஆபத்தில் இருக்கிறது என்பதை மறக்கக்கூடாது.

இவ்வலி பலருக்கு நாளடைவில் குறைகிறது. சிலருக்கு நெடுநாள் நீடிக்கிறது. அவர்களுக்கும் அதன் கடுமையைத் தணித்து, உறங்கவும் நடக்கவும் தொழில் செய்யவும் ஏற்ற அளவில் வைத்திருக்க முடியும். அதற்கு முதலில் வலி இருப்பது எங்களுக்குத் தெரிய வேண்டும். அடுத்த முறை கட்டு மாற்ற வரும்போது நாங்கள் கேட்போம். நாங்கள் கேட்பதற்கு முன்பே நீங்கள் சொன்னாலும் மகிழ்வோம்.